தெரணியகலையில் ஓர் இரும்புக் குவியல்

தெரணியகலைக் கடைவீதிக்குச் சற்று அப்பால் வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றை நடத்தும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களோடு வாழ்ந்து மறைந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நண்பர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, மூடிப்போன ஸ்டோர் ஒண்ணுல கெடந்த பழைய சாமானெல்லாம் நிறுவைக்கு வாங்கிட்டேன். ஞாயித்துக்கெழம லொறி வருது. அதுக்கு முந்தி ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றே மலையகத் தமிழர் வழங்குவர். அச்சொல்லைக் கேட்டதும் பயணப்பையை எடுத்து வைத்துவிட்டேன். நண்பர் இந்தக் கொள்வனவுக்காக மனைவியின் வளையல்களை அடகு வைத்திருந்தார் என்பது அங்கு போன பிறகுதான் தெரிந்தது. எனவே எங்கள் முன்னால் கிடந்தது பழம்பொருள் ஆர்வலர் ஒருவரின் பொழுதுபோக்கு அன்று. எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று இரண்டு நாட்களில் முடிவெடுத்தாக வேண்டிய ஒரு குடும்பத்தின் முதல்.

கராஜின் பின்புறத் தாழ்வாரம் முழுவதும் இரும்பு. கப்பிகள், பற்சக்கரங்கள், தண்டுகள், ரப்பர் உருளைகள், ஒரு பட்டடை, கைப்பிடி இழந்த சம்மட்டிகள், ஸ்பேனர்கள் நிறைந்த நான்கு சாக்குகள். நண்பரிடம் வேலை பழகும் பையன் ஒருவன் காந்தத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டாதவற்றை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். ஒட்டாதது பித்தளையும் செம்பும் வெண்கலமும். விலை அவற்றுக்குத்தான்.

இத்தனை பாரமான இரும்பு இந்த மலைமடிப்புக்குள் எவ்வாறு வந்தது என்று எண்ணிப்பார்க்க வேண்டும். தெரணியகலை கேகாலை மாவட்டத்தின் தெற்கு மூலையில், சீதாவாக்கை கங்கையின் நீர்ப்பிடிப்பில் அமைந்த ஊர். அதற்கு மேலே நூரி, மாலிபொட எனத் தோட்டங்கள் ஏறிச் செல்கின்றன. மாலிபொடவிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதை ஒன்று உண்டு. அது எவ்வளவு கடினமானது என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். களனிவெளியின் குறுகிய இருப்புப்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவிசாவளையைக் கடந்து எட்டியாந்தோட்டை வரை வந்தது. தெகியோவிட்டவும் கரவனல்லையும் அப்பாதையின் நிலையங்கள். அங்கு இறக்கப்பட்ட வார்ப்பிரும்புத் துண்டுகள் மாட்டு வண்டியிலும், வண்டி போகாத இடத்தில் மனிதத் தோளிலும் ஏறியே தொழிற்சாலைகளை அடைந்தன. எட்டியாந்தோட்டைப் பிரிவு 1942இல் யுத்த காலத்தில் மூடப்பட்டுத் தண்டவாளங்களும் கழற்றப்பட்டன. இயந்திரங்களைக் கொண்டுவந்த பாதை இயந்திரங்களுக்கு முன்னரே பழைய இரும்பாகிவிட்டது.

தேயிலையின் இயந்திர வரலாறு பலரும் நினைப்பதுபோல் இலங்கையில் மட்டும் தொடங்கியதன்று. கோப்பியை 1869இல் தலைகாட்டிய இலைநோய் அழித்த கதையும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட கதையும் பாடப்புத்தகங்களில் உள்ளன. டெய்லர் முதலில் தம் வீட்டு விறாந்தையில் மேசைமீது கையாலேயே கொழுந்தை உருட்டினார், மண்ணடுப்பில் உலர்த்தினார். பின்னர் தாமே ஓர் உருட்டும் பொறியை அமைத்தார். அதே காலத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் உருட்டும் இயந்திரங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தார். அவற்றை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் நிறுவனம் வார்த்துக் கொடுத்தது. 1864இல் பதின்ம வயதில் கச்சார் தோட்டத்துக்கு வேலை பழக வந்த சாமுவேல் டேவிட்சன், கரியடுப்பின் புகை படாமல் சூடேற்றிய காற்றால் கொழுந்தை உலர்த்தும் வழியைக் கண்டார். அயர்லாந்து திரும்பி 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை நிறுவினார். பாலைவனத்திலிருந்து வீசும் அனற்காற்றின் பெயரே அவருடைய உலர்த்திக்குச் சூட்டப்பட்டது: சிரோக்கோ. நம் தோட்டத்து முதியவர்கள் பலருக்கு அது ஒரு பாலைவனக் காற்று என்பது தெரியாது. ஆனால் 'சிராக்கோ' என்றால் இருட்டிலும் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

இங்கே அந்த இயந்திரங்களைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் நிறுவனங்கள் எழுந்தன. கோப்பிக் காலத்திலேயே, 1854இல், ஜோன் வோக்கர் கண்டியில் தம் பட்டறையைத் தொடங்கிவிட்டார். 1875இல் ஹட்டனில் பிரவுண் நிறுவனம், அதன் அடுத்த ஆண்டில் கொழும்புக் கொமர்ஷல் கம்பனி. பழைய தொழிற்சாலை ஒன்றில் ஏதாவது ஒரு வார்ப்பைத் துடைத்தால் இந்தப் பெயர்களில் ஒன்று வெளிப்படுவது வழக்கம்.

வெளிப்படும் என்று சொன்னேன். நண்பரின் குவியலில் அதுவும் அரிதாகவே இருந்தது. காரணம் எளியது. இயந்திரத்தின் பெயர், இலக்கம், ஆண்டு எல்லாம் பொறித்த தகடு பித்தளை. கைவிடப்பட்ட தொழிற்சாலைக்குள் முதலில் நுழைபவர் கழற்றுவது அதைத்தான். அடுத்து எண்ணெய்க் கிண்ணங்கள், வெண்கலப் புஷ்கள். கடைசியில் பெயரற்ற உடலம் சம்மட்டியால் உடைபடுகிறது. வார்ப்பிரும்பு நொறுங்கும் பொருள் என்பதால் வெட்டவேண்டிய தேவையும் இல்லை. ஒரு காலத்தின் ஆவணம் எவ்வாறு அழிகிறது என்பதை நூலகங்கள் எரிந்த கதைகளில் மட்டும் தேடுகிறோம். கால் கிலோ பித்தளைக்காகவும் அது அழியும். 2000களின் நடுப்பகுதியில் சீன உருக்காலைகளின் தேவையால் உலகச் சந்தையில் பழைய இரும்பின் விலை ஏறியபோது, பற்றைக்குள் கிடந்த எதுவும் தப்பவில்லை.

முதல் நாள் முழுவதும் ஸ்பேனர்களைப் பிரித்தோம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் எழுத்துகள் தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய ஸ்பேனரில் 13 என்றிருந்தால் அதன் வாயகலம் 13 மில்லிமீற்றர். பழைய பிரித்தானிய ஸ்பேனரில் அரை அங்குலம் என்றிருந்தால் வாயகலம் அரை அங்குலம் அன்று. ஏறத்தாழ 23 மில்லிமீற்றர். அங்கே குறிக்கப்படுவது அது திருகும் ஆணியின் விட்டம். 1841இல் ஜோசப் விட்வர்த் முன்மொழிந்த புரியளவு முறை இது. அதன் புரிக் கோணம் 55 பாகை. இன்றைய மெற்றிக் புரியின் கோணம் 60. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒன்றை மற்றதில் பலவந்தமாகத் திருகினால் இரண்டும் கெட்டுவிடும். விட்வர்த் ஸ்பேனர்களுக்கு இன்று கராஜில் வேலை கிடையாது. பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்பவர்கள் மட்டும் தேடி வாங்குவார்கள். "அப்ப இதுக்கு நிறுவை வெலைய விட நல்ல வெல வருங்களா ஐயா?" என்று நண்பர் கேட்டார். வரும் என்றேன். அந்த நான்கு சாக்குகளும் லொறிக் கணக்கிலிருந்து அப்போதே விலகின.

சில கருவிகளில் பறவைக் கால்போல் மூன்று கோடுகள் கூடிய ஓர் அம்புக்குறி இருந்தது. பிரித்தானிய அரசின் படைச் சொத்து என்பதற்கான அடையாளம் அது. இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் பேராதனையில் இயங்கியதை வாசகர்கள் அறிவர். போர் முடிந்ததும் எஞ்சிய படைக் கருவிகள் விலைக்கு வந்தன. பர்மாவின் பாலம் எதற்கோ செய்யப்பட்ட ஒரு பெரிய ஸ்பேனர், தெரணியகலையில் தேயிலை உருளையைக் கழற்றி மாட்டி ஓய்ந்திருக்கக்கூடும். அந்த வழியை யாரும் எழுதி வைக்கவில்லை; இது என் ஊகமே.

பட்டடையின் இடுப்பில் மூன்று எண்கள் வெட்டப்பட்டிருந்தன: 1, 2, 14. பையன் அதைத் திகதி என்று நினைத்துவிட்டான். அது நிறை. முதல் எண் அந்தர், இரண்டாவது கால் அந்தர், மூன்றாவது இறாத்தல். ஓர் அந்தருக்கு 112 இறாத்தல், இரண்டு கால் அந்தருக்கு 56, அத்தோடு 14. ஆக 182 இறாத்தல், ஏறத்தாழ 82 கிலோ. பழைய அளவைகளைப் படித்த என் தலைமுறை பெருமைப்பட்டுக்கொள்ளக் கிடைக்கும் அரிய தருணங்களில் அது ஒன்று. சுத்தியலால் மெல்லத் தட்டினேன். கோவில் மணிபோல நீண்டு ஒலித்தது. விரிசல் விழுந்த பட்டடை அப்படி ஒலிக்காது.

இரண்டாம் நாள்தான் அந்தத் தகரப் பெட்டி அகப்பட்டது. பழைய பிஸ்கற் பெட்டி. உள்ளே கந்தல் துணியில் சுற்றிய பத்துப் பன்னிரண்டு கருவிகள். ஒன்றிலும் ஷெபீல்டு, பேர்மிங்ஹாம் என்று எந்த ஊர்ப்பெயரும் இல்லை. நான் அலட்சியமாக ஒதுக்கிவைக்கப் போனேன். நண்பர் என் கையிலிருந்து வாங்கினார்.

"இது நம்ம ஆளுங்க செஞ்சது ஐயா. பாருங்க, அரம்."

தேய்ந்துபோன முக்கோண அரத்தை எடுத்து, பற்களைச் சாணைக்கல்லில் தேய்த்து நீக்கி, நுனியைக் கூர்மையாக்கிய சுரண்டு கத்தி அது. அதன் பயனை அவர் விளக்கியபோதுதான், தொழிற்சாலை பற்றி நான் எழுதிய கட்டுரைகள் எவ்வளவு மேலோட்டமானவை என்பது புரிந்தது.

அக்காலத் தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. நீர்ச்சில்லோ நீராவி இயந்திரமோ பின்னாளில் எண்ணெய் இயந்திரமோ ஒரே ஒரு நெடுந்தண்டைச் சுழற்றும். அத்தண்டு கூரைக்குக் கீழே கட்டடத்தின் நீளத்துக்கு ஓடும். அதிலிருந்து தோற்பட்டிகள் இறங்கி உருட்டும் இயந்திரங்களையும் சலிக்கும் இயந்திரங்களையும் இயக்கும். தண்டு தாங்கிநிற்கும் இடங்களில் மென்மையான வெள்ளை உலோகம் வார்க்கப்பட்டிருக்கும். ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்த கலவை. அது தேயும். தேய்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் ஸ்டோர் முழுவதும் நிற்கும். கொழுந்து காத்திருக்காது. வாடிய கொழுந்து அன்றிரவே அரைபடாவிட்டால் ஒரு நாள் உழைப்பு குப்பைக்குப் போகும். ஆகவே இரவோடிரவாகப் பழைய உலோகத்தை உருக்கி எடுத்து, தண்டை நேராக நிறுத்தி, இரு முனைகளையும் களிமண்ணால் அடைத்து, அகப்பையில் காய்ச்சிய உலோகத்தை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். இடையில் கை தயங்கினால் பொருத்து விழும். ஆறிய பின் தண்டில் நீல மை பூசிச் சுற்றிப் பார்ப்பார்கள். நீலம் படும் இடம் மேடு. அந்த மேட்டை மயிரிழை அளவு சுரண்டி எடுக்கத்தான் இந்த முக்கோணக் கத்தி. மறுபடி மை, மறுபடி சுரண்டல். நீலம் எங்கும் சமமாகப் படியும் வரை.

"அப்பா விடியக்காலைல வருவாரு. கையெல்லாம் நீலமா இருக்கும். நாங்க கிருஷ்ணரு கைன்னு சிரிப்போம்" என்றார் நண்பர்.

அந்தக் கத்தியின் கைப்பிடிக்குக் கீழே உளியால் கொத்திய ஒற்றை எழுத்து: 'ரா'. இராமசாமியா, இராஜுவா, இராக்கப்பனா? நண்பரின் தந்தையின் பெயர் அந்த எழுத்தில் தொடங்குவதன்று. அவருக்கு முன்னிருந்த யாரோ ஒருவர். அவரிடமிருந்து இவருக்குக் கைமாறியிருக்க வேண்டும்.

தோட்ட ஆவணங்களைப் புரட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. தொழிற்சாலைச் சொத்துப் பதிவேட்டில் வைஸ், துளைபொறி, ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் இலக்கமும் விலையும் இருக்கும். செக்ரோலில் ஆட்களின் பெயர் இருக்கும், ஆனால் அது நாட்கூலிக்கான பெயர். வெள்ளை உலோகம் வார்க்கத் தெரிந்தவர் யார், அதை யாரிடம் கற்றார் என்பது இரண்டு ஏட்டிலும் இராது. தொழிலாளி தானே செய்துகொண்ட கருவி விலை கொடுத்து வாங்கியதன்று. ஆகவே பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறாதது இன்றைய சந்தையிலும் விலை பெறாது. பழம்பொருள் வாங்குபவர் முத்திரை தேடுகிறார். முத்திரை இல்லாததை இரும்பு வியாபாரி நிறுக்கிறார். கெயின்ஸ்பரோவும் பெல்பாஸ்டும் காப்பாற்றப்பட்ட பிறகும் தெரணியகலைத் தொழிலாளியின் கை உலைக்குப் போய்விடும். நானே அதை ஒதுக்கி வைக்கப் போனவன் என்பதால் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

தொழிலாளர் தம் வழியில் ஒரு பதிவு வைத்திருந்தார்கள். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 'ரோதை' என்ற சொல்லுக்குச் சில்லு என்று பொருள். மலையகத் தொழிற்சாலைகளில் ரோதைமுனி என்றொரு காவல் தெய்வம் உண்டு. சுழலும் இரும்பு கை கால்களைக் கேட்காமல் காக்கும் தெய்வம். ஆயுத பூசையன்று உருளைக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஊர்த் தெய்வங்களைக் கூட்டி வந்தார்கள் என்று மானிடவியலாளர் எழுதுவர். இந்தத் தெய்வம் ஊரிலிருந்து வந்ததன்று. இங்கே, தோற்பட்டி ஓடும் கூரைக்குக் கீழே பிறந்தது.

இந்தக் கைத்தொழில் அறிவு எங்கே போயிற்று? மின்சார மோட்டார்கள் வந்து நெடுந்தண்டை நீக்கியதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது பாதிக் காரணம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோரைப் பங்கிடுவதற்கு 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். எண்களாகப் பார்த்தால் இது ஒரு கணக்கு. ஒரு ஸ்டோருக்குள் நின்று பார்த்தால், உருளையின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லக்கூடியவர் ஒரு நாள் தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்டுவிட்டார் என்று பொருள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் சப்பிரகமுவைத் தோட்டங்களில் வன்செயல் வெடித்தது. 1983ஐச் சொல்ல வேண்டியதில்லை. கையில் கிடைத்ததோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் அரத்தையும் சுரண்டு கத்தியையும் தேடிக் கட்டிக்கொண்டா போயிருப்பார்கள்? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியது. அடுத்தடுத்து மூடப்பட்ட தொழிற்சாலைகள் பல.

போனவர்களில் சிலருக்கு அக்கரையில் பழகிய வேலையே கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்காக நீலகிரியில் 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே இன்றைய டான்டீ. கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர் கழகமும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதி ரப்பர்த் தோட்டங்களும் அவ்வாறே அவர்களுக்கு இடம் கொடுத்தன. களனிவெளியில் பால்வெட்டிய கை சுள்ளியாவில் பால்வெட்டியது. நண்பரின் சித்தப்பா குடும்பம் இன்றும் கூடலூர்ப் பக்கத்தில் இருக்கிறது.

பழைய இயந்திரங்களைக் காக்கும் முயற்சி நாட்டில் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தொழிற்சாலைக் கட்டடம் திருத்தப்பட்டு, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பல தோட்டங்களிலிருந்து சேகரித்த உருளைகளும் எண்ணெய் இயந்திரங்களும் அங்கே துலக்கி நிறுத்தப்பட்டுள்ளன. ஜேம்ஸ் டெய்லர் பாவித்த பொருள்களும் உண்டு. பார்க்க வேண்டிய இடம். கம்பளைக்கு அருகே பரதெக்கவில், பழைய லயக் காம்பராக்களில், 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று அமைந்தது. அங்கு வாழ்ந்தவர்களின் தளபாடங்களும் கருவிகளும் ஆவணங்களும் வைக்கப்பட்டுள்ளன. ஒன்றில் இயந்திரம், மற்றதில் மனிதர். இரண்டையும் ஒரே நாளில் பார்த்த எனக்கு, அந்த இயந்திரத்தையும் இந்த மனிதரையும் இணைத்த பொருள் எங்கே என்ற கேள்வி அப்போது எழவில்லை. தெரணியகலையில் பிஸ்கற் பெட்டியைப் பார்த்த பிறகே எழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லொறி வந்தது. உடைந்த பற்சக்கரங்களும் கப்பிகளும் தண்டுகளும் ஏறின. வரியோடிய ரப்பர் உருளைகளில் ஒரு சோடி ஏறியது. மற்றச் சோடியைச் சிறுதோட்டம் வைத்திருக்கும் சிங்கள நண்பர் ஒருவர், இன்னும் ஷீற் அடிக்கலாம் என்று வாங்கிக்கொண்டார். நூறாண்டுக்கு முந்தைய உருளை வேலைக்கே திரும்பிப் போனது எனக்கு மகிழ்ச்சி. பட்டடையை நண்பர் கொடுக்கவில்லை. லொறிக்காரர் தராசில் வைக்க முயன்றபோது, "அது கராஜோட சாமான்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். விட்வர்த் ஸ்பேனர்களின் பட்டியலை நான் கொழும்புக்கு எடுத்து வந்து, பழைய வாகனக்காரர் இருவருக்குக் காட்டினேன். மூன்று மாதத்தில் அவை விற்றன. வளையல்களில் இரண்டு வீடு திரும்பின. மிகுதி அடுத்த ஆண்டு.

'ரா' கத்தியை என்னிடம் தர நண்பர் விரும்பினார். வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக, அப்பெட்டியிலிருந்த ஒவ்வொன்றையும் தனித்தனியே படம் பிடித்தோம். எது எதற்குப் பயன்பட்டது என்று அவர் சொல்லச் சொல்ல, பையனின் பள்ளிக்கூடக் கொப்பியொன்றில் எழுதினேன். பதினொரு கருவிகள். ஒன்பதுக்கு விளக்கம் கிடைத்தது. இரண்டை அவராலும் அடையாளம் காணமுடியவில்லை. வளைந்த நுனியும் நடுவில் ஒரு துளையும் கொண்டவை. கூடலூர்ச் சித்தப்பாவுக்குத் தெரியக்கூடும் என்று படத்தைத் தொலைபேசியில் அனுப்பியிருக்கிறார்.